சந்தியில் நிற்கும் சமுதாயம்

'சந்தி' என்னும் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. இரண்டு வழிகள் கூடுமிடமும் சந்தி. பகலும் இரவும் கூடும் பொழுதும் சந்தி. இரு சொற்கள் புணர்ந்து நிற்கும் நிலையையும் இலக்கணப் புலவர்கள் சந்தி என்றே வழங்கினர். அவ்வாறு கூடுமிடத்தில் இரண்டும் இயல்பாகவே நிற்பதுமுண்டு; ஓரெழுத்துப் புதிதாய்த் தோன்றுவதுமுண்டு; திரிவதுமுண்டு; கெடுவதுமுண்டு. பள்ளிப் பருவத்தில் நாம் மனப்பாடம் செய்த இவ்விகாரங்கள் சொற்களுக்கு மட்டும் உரியனவல்ல, மக்கள் கூட்டத்திற்கும் உரியன என்பதே ஈண்டு நாம் கூறப் புகுந்த விஷயம். அதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. கோலாலம்பூருக்கு வடக்கே, நம்மவரில் பலர் ஆண்டுக்கொரு முறையேனும் கடந்து செல்லும் செலாயாங் என்னும் ஊரே போதும்.

கோலாலம்பூரிலிருந்து வடக்கே ஓடும் ஈப்போ சாலை செலாயாங்கைக் கடந்து ரவாங்கை நோக்கிச் செல்கிறது. பட்டணத்தைச் சுற்றிவரும் இரண்டாம் நடு வட்டச் சாலையோ பத்துமலையின் அடிவாரத்தை ஒட்டிக் குறுக்கே வருகிறது. மொத்தச் சந்தைக்கு மரக்கறியும் மீனும் ஏற்றிவரும் லாரிகளும், வேலைக்கு விரையும் மோட்டார் சைக்கிள்களும், மலைக்கோயிலுக்கு வரும் பஸ்களும் இப்பகுதியில் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. ஒருபுறம் மலைக்குகையில் முருகன் கோயில். மறுபுறம் 1999-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற செலாயாங் மருத்துவமனை. நோயாளியின் குறிப்புகள் அனைத்தையும் காகிதமின்றிக் கணினியிலேயே வைத்துப் போற்றும் முறையை இந்நாட்டில் முதன்முதலாக மேற்கொண்ட மருத்துவமனை அது. அதன் தபால் விலாசமோ பத்துமலை! மகனுக்கு விபத்தென்று கேட்டு ஓடிவரும் தாயொருத்தி மலையை நோக்கிக் கைகூப்பிவிட்டு, அடுத்த கணமே மருத்துவரை நாடி விரைகிறாள். அவள் இதில் முரண்பாடு எதனையும் காண்பதில்லை. மேடைகளில் விஞ்ஞானமும் சமயமும் பகையா, உறவா என்று வாதமிடும் அறிஞர்கள் முதலில் அந்தத் தாயின் பின்னே ஒரு நாள் நடந்து பார்த்தல் நன்று.

அவள் வழி முற்றிலும் சரியென்று நாம் சொல்ல வரவில்லை. எங்கே சரி, எங்கே தவறு என்று ஆராய்வதே நமது நோக்கம். அதற்குச் சரித்திரம் துணை செய்யும்.

பத்துமலையை நம்மவர்க்கு அறிமுகம் செய்தவர் காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளை. 1850-இல் சிங்கப்பூரில் பிறந்து, சிலாங்கூர் அரசாங்கத்தில் கிராணியாகப் பணியாற்றி, பின்னர் வணிகத்திலும் ஈயச் சுரங்கத்திலும் பெருஞ்செல்வம் ஈட்டியவர் இவர். கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில் 1873-இல் இவரால் தோற்றுவிக்கப்பட்டது. மலைக்குகையின் வாயில் வேலின் வடிவாய்த் தோன்றக் கண்டு, 1890-91-இல் இவர் அங்கே முருகனை எழுந்தருளச் செய்தார். 1892 முதல் தைப்பூசம் அங்கே கொண்டாடப்பட்டு வருகிறது. இச்செய்தியை நம்மவரில் அறியாதார் இலர்.

ஆனால் இதே தம்புசாமிப் பிள்ளையின் மற்றொரு செயலை அறிந்தோர் மிகச் சிலரே. 1894-இல் இவரும் லோக் இயூ என்னும் சீனப் பிரமுகரும் சேர்ந்து, செலாயாங்கிற்கு வடக்கேயுள்ள ரவாங்கில் தங்கள் சுரங்கத்தின் தேவைக்காக மின்சார இயந்திரமொன்றை நிறுவினர். இந்நாட்டில் தொழிலுக்காக மின்சாரம் பயன்பட்டது அதுவே முதல் முறை. கோலாலம்பூரில் விக்டோரியா கல்விச்சாலை 1893-இல் ஏற்பட்டபோது அதன் தர்மகர்த்தாக்களுள் ஒருவராகவும் இவர் இருந்தார். குகையில் ஒளிவிட்ட கற்பூரமும், சுரங்கத்தில் ஒளிவிட்ட மின்விளக்கும், பள்ளியில் ஏற்றிய கல்வி விளக்கும் ஒரே மனிதரால், ஏறக்குறைய ஐந்தாண்டுக் காலத்திற்குள் ஏற்றப்பட்டன.

அக்காலத்து மேனாடுகளின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1874-இல் டிரேப்பர் என்பார் சமயத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் நடந்த பூசலின் சரித்திரம் என்று ஒரு நூல் எழுதினார். 1896-இல் ஒயிட் என்பார் அதனைப் 'போர்' என்றே பெயரிட்டு இரண்டு பாகங்களாக வெளியிட்டார். கலிலியோ 1633-இல் விசாரணைக்குள்ளாகித் தண்டனையடைந்த கதை அந்நூல்களால் உலகெங்கும் பரவிற்று. அது நடந்தது உண்மையே. அவ்விசாரணையில் தவறு நேர்ந்ததெனக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் 1992-இல் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். எனினும், எக்காலத்தும் எவ்விடத்தும் இரண்டும் போர்புரிந்தே வந்தன என்னும் கூற்றைப் பின்வந்த சரித்திர ஆசிரியர்கள் ஒப்பவில்லை. அமெரிக்க அறிஞர் இயன் பார்பர் இவ்விரண்டும் உறவாடும் வழிகளை நான்காக வகுத்தார்: பூசல், தனித்தனி வாழ்வு, உரையாடல், ஒன்றிணைவு. நாற்சந்திக்கு நான்கு சாலை போல!

நிற்க. பத்துமலைக்கு வந்தவர்கள் பக்தர்கள் மட்டுமல்லர். 1860-களில் சீனத் தோட்டக்காரர்கள் குகையிலுள்ள வௌவால் எச்சத்தைத் தோண்டிக் காய்கறிகளுக்கு எருவாக இட்டனர். 1878-இல் ஹார்னடே என்னும் அமெரிக்க இயற்கை ஆராய்ச்சியாளர் வந்து கண்டு உலகிற்கு எடுத்துரைத்தார். அடுத்து வந்தவர் ரிட்லி. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவரான இவர், சிலாங்கூர்க் குகைகளில் வாழும் வெள்ளைப் பாம்பைப் பற்றி 1898-இல் ஒரு கட்டுரை எழுதினார். இருளில் வௌவால்களைப் பிடித்துண்ணும் அப்பாம்பினத்திற்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

இந்த ரிட்லி யார் என்பதைத் தோட்டப்புறச் சகோதரர்கள் சிறிது நினைவுகூர வேண்டும். 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்திருந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லியதாகச் சீவி நாள்தோறும் பாலெடுக்கும் முறையைக் கண்டு, ரப்பர் பயிரிடுங்கள் என்று தோட்டத்துரைமாரிடம் சலியாது சொல்லி வந்தவர் அவரே. அக்காலத்தில் அவரைப் 'பித்தன் ரிட்லி' என்று ஏளனம் செய்தனர். அந்தப் பித்தத்தின் விளைவாகவே மலையகமெங்கும் ரப்பர்த் தோட்டம் பரந்தது. அதன் விளைவாகவே நமது பாட்டனும் பாட்டியும் கப்பலேறி வந்து லயத்தில் குடியேறினர். அவர்கள் வந்ததனாலேயே பத்துமலைக்குக் காவடிகள் பெருகின. தம்புசாமிப் பிள்ளை வேலைக் கண்ட மலையிலே ரிட்லி பாம்பைக் கண்டார். இருவர் கண்டதும் நம் வாழ்வில் வந்து கூடிற்று.

மலையின் கதையும் ஈதே. ஏறக்குறைய நாற்பது கோடி ஆண்டுகட்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சற்றே புளிப்படைந்து, பாறையின் வெடிப்புகளில் புகுந்து, துளித்துளியாய்க் கரைத்துக் குகையைக் குடைந்தது. கோயிற் குகைக்கு அருகிலுள்ள இருட்டுக் குகையில் வாழும் ஒருவகைச் சிலந்தியை 1923-இல் ஆபிரகாம் என்னும் ஆராய்ச்சியாளர் உலகிற்கு விவரித்தார். வயிற்றின் மேல் வளையவளையமாய்த் தகடுகள் உடைய, சிலந்திக் குலத்தில் மிகப் பழைமையான கிளையைச் சேர்ந்தது அது. அதன் விஞ்ஞானப் பெயரிலேயே 'பத்து' என்னும் ஊர்ப்பெயர் பொதிந்துள்ளது.

நீர் குடைந்த வாயிலை அன்பர் வேலாகக் கண்டார் என்றால், அதனால் நீருக்கும் இழுக்கில்லை, வேலுக்கும் இழுக்கில்லை. வாயில் எவ்வாறு உண்டாயிற்று என்பது ஒரு கேள்வி. அதன்முன் நின்று மனிதன் எதை நினைக்கிறான் என்பது வேறொரு கேள்வி. ஆனால், 'இது தெய்வத்தின் மலை, ஆகவே பாறை சரியாது' என்று ஒருவர் சொல்வாராயின், அப்போது அவர் நம்பிக்கையின் சாலையை விட்டுப் பிறிதொரு சாலையில் எதிர்த்திசையாக வண்டி ஓட்டுகிறார். மோதல் அங்கேதான் நிகழும்.

பழக்கமும் ஆராய்ச்சியும் சந்தித்த வேறு இரண்டு இடங்களை இங்கே காட்டுவோம். முதலாவது நமது சோற்றுப் பானை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் பெரிபெரி என்னும் நோய் கொடியதாய்ப் பரவிற்று. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, நெஞ்சடைத்துச் சுரங்கத் தொழிலாளர் மாண்டனர். தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனரிடையே அது மிகுந்திருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அரிதாய் இருத்தலை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் கண்டு, 1907-இல் நூலாக எழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905-இல் பிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துச் சோதித்தார். பச்சரிசி உண்டோரிடையே நோய் பரவிற்று. புழுங்கல் உண்டோரிடையே பரவவில்லை. பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் காட்டிடைச் சாலை போடும் ஜாவாத் தொழிலாளரிடம் இதனை மறுபடியும் சோதித்து உறுதி செய்தனர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது என்பதே காரணம். நம் பாட்டி காரணம் அறியாள். ஆயினும் அவள் பழக்கம் சோதனையில் தேறிற்று.

இரண்டாவது காய்ச்சல். தோட்டத்தில் குளிர்காய்ச்சல் கண்டால், முனி அடித்தது என்று சேவலறுத்த காலம் ஒன்றிருந்தது. 1897-இல் ரொனால்டு ரோஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். நான்காண்டுகள் செல்லுமுன், 1901-இல், மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானில் சதுப்பு நிலங்களை வடித்துக் கால்வாய் வெட்டச் செய்து காய்ச்சலை வெகுவாகக் குறைத்தார். முனி போகவில்லை, கொசு போயிற்று, காய்ச்சலும் போயிற்று. இங்கே பழக்கம் சோதனையில் தேறவில்லை. சேவலுக்குச் செலவிட்ட பணத்தில் கால்வாய் வெட்டியிருந்தால் எத்தனை தாய்மார் பிழைத்திருப்பர்!

ஆகவே, பழையதெல்லாம் மூடத்தனம் என்பதும் பிழை. பழையதெல்லாம் விஞ்ஞானமே என்று மார்தட்டுவதும் பிழை. புழுங்கலரிசியையும் சேவலையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கும் துணிவே நமக்கு வேண்டுவது.

இனி, சாலைச் சந்திக்கே வருவோம். அங்கேயும் இத்தராசு பயன்படும். 1868 டிசம்பரில் இலண்டன் பார்லிமெண்டு மன்றத்தின் முன்னே உலகின் முதல் சாலை விளக்கு நாட்டப்பட்டது. அதனை அமைத்தவர் ரயில்வேப் பொறியாளர் நைட். ரயிலுக்கு உரிய சிவப்பும் பச்சையும் சாலைக்கு வந்தது அவ்வாறே. எரிவாயுவால் எரிந்த அவ்விளக்கு மறு மாதமே வெடித்துக் காவலர் ஒருவரைக் காயப்படுத்திற்று. பிறகு 1914 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மின்சார விளக்கு வந்தது. அது முதல், சந்தியின் ஆபத்து தலைவிதியாகாமல் கணக்காயிற்று.

அந்தக் கணக்கு யாதெனின்: நான்கு சாலைகள் கூடும் நாற்சந்தியில் வண்டிகளின் வழிகள் ஒன்றோடொன்று முட்டக்கூடிய இடங்கள் 32 என்று பொறியாளர்கள் எண்ணியுள்ளனர். முச்சந்தியில் அவை 9. நாற்சந்தியை ஒற்றை வரிசை வட்டச் சந்தியாக மாற்றினால் 32 என்பது 8 ஆகிவிடுகிறது. நேருக்கு நேரும் குறுக்காகவும் மோதும் வாய்ப்பு அறவே நீங்கி, வேகமும் தணிகிறது. ஆனால் வட்டத்துக்குள் இருப்பவனுக்கு வெளியே வருபவன் வழிவிட வேண்டும் என்னும் விதி பிரிட்டனில் 1966-இல் ஏற்படும் வரையில், வட்டச் சந்திகளே வண்டிகள் சிக்கித் திணறும் இடங்களாய் இருந்தன. இடதுபக்கம் ஓட்டும் நம் நாட்டில் இவ்விதியின் பொருள், வலப்புறமிருந்து வருபவனுக்கு வழிவிடு என்பதே. கல்லும் சிமெண்டும் மாறாதிருக்க, 'நீ முதலில் போ' என்னும் ஒரு சொல் சந்தியைக் காப்பாற்றியது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை அழுத்துமுன் ஒன்றரை விநாடி போய்விட்டால், 25 மீட்டர் கண்மூடி ஓடியதற்குச் சமம். வேகம் இரட்டித்தால் மோதலின் வலிமை நான்கு மடங்காகும். இக்கணக்கு சாதி பாராது; சமயம் பாராது; நெற்றியில் திருநீறு உண்டா இல்லையா என்றும் பாராது. 2019-இல் இந்நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 6,167 பேர். இவ்வாறு மாள்வோரில் ஆண்டுதோறும் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் செல்லும் பெடரல் நெடுஞ்சாலையில் 1970-களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப்பாதை வகுத்ததும் இது கருதியே.

இந்நிலையில் நம்மவர் செய்வது என்ன? புது வண்டி வாங்கியதும் கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்திற்கொன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். ஆயுத பூசையன்று திருஷ்டி கழிக்கிறோமென்று முச்சந்தியிலே பூசணிக்காயை உடைத்துப் போட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் வந்துவிடுகிறோம். இரவில் வேலை முடிந்து வரும் எவன் பிள்ளையோ அதில் சறுக்கி விழுகிறான். ஆபத்தை விலக்கச் செய்த சடங்கே ஆபத்தாய் முடிகிறது! சென்னையில் போலீசார் ஆயுத பூசை தோறும் சாலையில் பூசணிக்காய் உடைக்க வேண்டாமென வேண்டிக்கொள்ளும் நிலை ஏற்பட்டிருக்கிறது. எலுமிச்சம்பழம் வைப்பவரை நாம் தடுக்க வரவில்லை. பழம் நசுக்கும் அந்த நாளிலேயே பிரேக்கையும் டயரையும் ஒருமுறை பார்த்தீர்களா, தலைக்கவசத்தின் வாரைப் பூட்டினீர்களா என்றுதான் கேட்கிறோம். பூசணிக்காயை உடைத்தே தீரவேண்டுமென்றால் வீட்டு வாசலோரத்தில் உடைத்து, உடனே வாரி அப்புறப்படுத்தினால் எந்தத் தெய்வம் கோபிக்கும்?

தைப்பூச இரவை எண்ணிப் பாருங்கள். மகாமாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் இரதம் ஈப்போ சாலை வழியே பத்துமலையை நோக்கி ஊர்ந்து வருகிறது. சந்திதோறும் காவலர் நின்று வண்டிகளை நிறுத்துகின்றனர். மலாய்க்காரரும் சீனரும் பொறுமையோடு காத்திருக்கின்றனர். அந்த ஓரிரவு சாலை நம்பிக்கைக்கு வழிவிடுகிறது. அப்படியானால் ஆண்டின் மற்ற இரவுகளில் நம் நம்பிக்கை சாலை விதிக்கு வழிவிட வேண்டியது கடனன்றோ?

இவ்விரண்டும் தோளோடு தோள் நின்ற நிகழ்ச்சியும் இம்மண்ணிலேயே உண்டு. மலையைச் சுற்றிலும் நெடுங்காலம் கல்லுடைத்து வந்தனர். 1980-களின் தொடக்கத்தில் அது நின்றது. பிறகு மலையடிவாரத்தில் 29 அடுக்கு மாடிக் குடியிருப்பொன்று எழுப்பச் செலாயாங் நகராண்மைக் கழகம் 2007-இல் அனுமதி தந்திருந்தது. வேலை தொடங்கியதும் 2012 அக்டோபரில் கோயிலாரும் பக்தர்களும் எதிர்த்துக் கூடினர். சுண்ணாம்பு மலையின் உறுதியையும் குகையுயிர்களையும் பற்றிக் கவலை கொண்ட இயற்கை ஆர்வலரும் எதிர்த்தனர். ஒருவர் தெய்வத்தின் பெயரால் பேசினார். மற்றவர் சிலந்தியின் பெயரால் பேசினார். மாநில அரசு வேலையை நிறுத்த உத்தரவிட்டது. இலக்கணத்தில் 'தோன்றல்' என்பது இதுவே. இரண்டு தனிச் சொற்களிடையே முன்பில்லாத ஓர் எழுத்துத் தோன்றிற்று.

ஆயினும் அவ்வுறவு தானே நிலைத்து நிற்பதன்று. 2018-இல் 272 படிகளுக்கும் பலவண்ணம் தீட்டியபோது, மரபுடைமைச் சட்டத்தின்படி முன் அனுமதி பெறவில்லையென்று அரசின் துறை கேள்வி எழுப்பிற்று. 1920-இல் மரப்படியாய்த் தொடங்கி 1940-இல் கற்காரைப் படியாய் மாறிய வழி அது. படி நம்முடையது, மலையோ நமக்கும் பிறர்க்கும், நமக்குப் பின் வருவோர்க்கும் பொது. பொதுவழியில் திரும்புமுன் கைகாட்டுவது மரியாதை மட்டுமன்று, பாதுகாப்புமாகும்.

சாலை விளக்குகளில் பலர் கவனியாத ஒரு நுட்பம் உண்டு. ஒரு திசைக்குப் பச்சை அணைந்து மறு திசைக்குப் பச்சை எரியுமுன், ஓரிரு விநாடி எல்லாத் திசைக்கும் சிவப்பே எரியும். நடுவில் சிக்கிய கடைசி வண்டியும் பத்திரமாய் வெளியேறுவதற்கென்று பொறியாளர் வைத்த இடைவெளி அது. அந்த நேரத்தில் ஒருவரும் முந்துவதில்லை. நமது சங்கங்களிலும், கோயிற் கூட்டங்களிலும், லயத்து வாசற் பேச்சுகளிலும் அத்தகைய இடைவெளியொன்று வேண்டும். பகுத்தறிவு பேசுவோர் அதில் புழுங்கலரிசிப் பாட்டியை நினைத்துக்கொள்ளட்டும். பக்தி பேசுவோர் கிள்ளான் கால்வாயை நினைத்துக்கொள்ளட்டும்.

செலாயாங் மருத்துவமனைக்கு ஓடும் தாய் இருவரையும் கேட்பது ஒன்றே: என் பிள்ளை வீடு திரும்ப வேண்டும். அதற்கு மலையைத் தொழுவது அவள் உரிமை. அவள் ஓடிவர நேராமல் சந்தியைச் செப்பனிடுவதும், பூசணிக்காயை அப்புறப்படுத்துவதும், சிவப்பு விளக்கில் நிற்பதும் நம் கடமை. அன்பர்களே, அக்கடமையை அடுத்த சந்தியிலேயே தொடங்குவோமாக.